தேர்வு மையம் அருகில் வரட்டும்

தமிழக ஆசிரியர் தகுதித் தேர்வு 2022-23-ல் கணினி வழியிலும், 2025 நவம்பர் 15, 16-ல் ஓ.எம்.ஆர். தாளிலும் நடந்தது, இரண்டுமே மையங்களில்தான். அமெரிக்காவின் பிராக்சிஸ் ஆசிரியர் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் தனி அறை வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும், இடையில் யாரும் நுழையக் கூடாது.

விழுப்புரம் மாவட்டத்து இரும்பையிலோ மரக்காணம் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பிலோ ஒற்றை அறை வீட்டில் வாழும் பட்டதாரிப் பெண்ணுக்கு இந்த வீட்டுத் தேர்வு முறை சலுகை அல்ல, புதுத் தடை. மையத்தில் எல்லோருக்கும் ஒரே மேசை, ஒரே மின்சாரம்.

ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் மீதமுள்ள ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அவர்களும் எழுத வேண்டியிருந்தாலும் நேரடித் தேர்வே தொடரட்டும். வானூர், மரக்காணம் வட்டங்களிலேயே ஆசிரியர் தேர்வு வாரியம் மையங்கள் அமைக்க வேண்டும். கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களுக்கு அங்கே தனி இடமும் ஒதுக்க வேண்டும்.