கடன் கொடுக்கும்போது ஏழை, காப்பீடு கேட்கும்போது பணக்காரனா?

கம்பம் பள்ளத்தாக்கு உறவுகளே, ஒரு நிமிஷம் இதைப் படிங்க.

விடியுமுன்னே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போற குடும்பம். பிள்ளைக்குத் திடீர்னு முடியாமப் போகுது. தனியார் ஆஸ்பத்திரி பில்லுக்குக் குழுக்கடன் வாங்குறாங்க. பிள்ளை பிழைச்சு வீட்டுக்கு வருது. பின்னாலயே வாரத் தவணையும் வருது. பிள்ளையைப் பார்த்தா கூலி போச்சு. கூலிக்குப் போனா பிள்ளையைப் பார்க்க ஆள் இல்ல.

"முதலமைச்சர் காப்பீடு இருக்கே, 5 லட்சம் வரை?" என்பார்கள். இருக்கு. ஆனா ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கணும். அதாவது மாசம் 10,000. புருஷன், பொண்டாட்டி ஆளுக்கு 400 ரூபாய் கூலியில் 15 நாள் வேலை பார்த்தாலே 12,000. கோட்டைத் தாண்டியாச்சு, கார்டு கிடையாது!

இப்போ ரிசர்வ் வங்கியின் 2022 விதியைப் பாருங்க. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் கொடுப்பதுதான் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன். வட்டி வாங்க 3 லட்சம் வரை நாம ஏழை. வைத்தியம் பார்க்க 1.20 லட்சத்தோட ஏழ்மை முடிஞ்சுபோச்சா? எந்த ஊர் நியாயம் இது?

அதே விதி இன்னும் சொல்லுது, மனசுல வச்சுக்கோங்க:

▪ காலை 9 மணிக்கு முன்னாலயும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்கு போன் போடக்கூடாது.
▪ மிரட்டக்கூடாது, கெட்ட வார்த்தை பேசக்கூடாது. சொந்தக்காரங்க, கூட வேலை பார்க்கிறவங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது.
▪ பேசி முடிவு செய்த இடத்தில்தான் வசூல். அங்கே தொடர்ந்து ரெண்டு தடவையாவது வரலைன்னாதான் வீட்டுக்கு வரலாம்.
▪ எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாசத் தவணை, குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

மீறினா, முதல்ல அந்த நிறுவனத்துக்கு எழுத்துல புகார் கொடுங்க. 30 நாளில் பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். உதவி எண் 14448. மிரட்டினா காத்திருக்க வேண்டாம், நேரா காவல் நிலையம் போங்க. கட்டாய வசூலுக்கு எதிரா 2025-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தாச்சு.

கடனைக் கட்ட மாட்டோம்னு யாரும் சொல்லல. மானத்தோட கட்ட விடுங்கன்னுதான் கேட்கிறோம்.

அரசிடம் நம் கோரிக்கை ஒன்றே: காப்பீட்டு வருமான வரம்பை 3 லட்சமாக உயர்த்து! கடன்காரனுக்குத் தெரிகிற நம் ஏழ்மை, அரசுக்கும் தெரியட்டும்.

பிள்ளையைக் காப்பாத்த கடன் வாங்கினது குத்தமில்ல. தலை நிமிர்ந்து நில்லுங்க. குழுவில் இருக்கிற ஒவ்வொரு அக்காவுக்கும் இதை அனுப்புங்க.

#காப்பீட்டுவரம்பை_உயர்த்து
#தேனி