பிடியரிசி

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன் நான். காலை ஜெபத்தையும் பிரெஞ்சில்தான் ஒப்பிப்போம். வாய் சொல்லும், மனம் மணியடிக்கக் காத்திருக்கும். உத்தியோகம் என்னைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் ஜெபத்துக்குக் கையும் உண்டு என்று தெரிந்தது.

நாங்கள் குடியிருந்த வீட்டு அம்மாள் தினமும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து, கண்மூடி ஒரு வார்த்தை ஜெபித்து, தனிக் கலயத்தில் போடுவார். அது கோயிலுக்கு. வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் அந்தப் பிடி குறையாது.

1903-ல் அசரியா முதலானோர் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்ப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். அவர்கள் நம்பியது ஜெபத்தையும் நம் ஜனங்களின் காணிக்கையையும்தான்.

2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது, எங்கள் சபையில் அசனத்து அண்டாக்களை அடுப்பில் ஏற்றினோம். வெங்காயம் உரித்தது என் பங்கு. பொட்டலம் வாங்கியவர்களிடம் எந்தச் சாமி என்று யாரும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் 'ஜெபிக்கிறேன்' என்று கைகூப்பிய படம் போட்டு முடித்துவிடுகிறோம். நானும்தான். அடுத்த தெருவில் நோயாய்ப் படுத்திருந்த நண்பருக்கு அப்படித்தான் போட்டேன், போய்ப் பார்க்கவில்லை. அவர் அடக்கத்துக்குத்தான் போனேன்.

ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு ஒரு பிடி அரிசியும் சேரட்டும். அதுவும் இல்லையென்றால், நடந்து போக நாலு எட்டாவது சேரட்டும்.