நான்காம் பக்கத்துக் கையெழுத்து

மாண்புமிகு உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

குன்னூர் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஆனாலும் ஒரு வேலை என்னை விடவில்லை. கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் லைன் வீட்டுப் பிள்ளைகள் படிவத்தோடு வந்துவிடுவார்கள். நிரப்பிக் கொடுப்பேன். கூட வந்த அப்பா அம்மாவிடம் "இங்க போடுங்க" என்று விரல் வைத்துக் காட்டுவேன். அப்படி நான் விரல் வைத்த ஓர் இடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

அப்படிப் படிவத்தோடு வந்த ஒரு பெண் மலைக்குக் கீழே ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தாள். பெயர்கள் வேண்டாம். அம்மா கொழுந்து வெட்டுகிறவர். விரலால் கிள்ளுவது போய்ப் பல தோட்டங்களில் இப்போது கத்தரிதான். கத்தரியில் ஒரு தட்டு இருக்கும். வெட்டிய இலை அதில் சேரும். சேர்ந்ததும் மணிக்கட்டைச் சுழற்றி முதுகுப் பைக்குள் வீசவேண்டும். நாள் முழுக்க இதே வேலை. மழை நாளில் இலையோடு தண்ணீரும் தட்டில் தேங்கும். கைக்கும் கனம், நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கழிப்பது வேறு. மகள் பழைய பெயின்ட் டப்பா ஒன்றை வெட்டி, கோணூசியைக் காய்ச்சி வரிசையாகத் துளை போட்டு, அடியைச் சற்றே சாய்த்து ஒரு தட்டு செய்தாள். தண்ணீர் வடிந்துவிடும், இலை தங்கும். கடைசி வருட புராஜெக்ட் அதுதான்.

படிப்பு முடிந்து சில மாதம் கழித்து, கீழ் வகுப்புப் பெண் ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ். நடுவில் தட்டு, சுற்றி ஐந்து முகங்கள், தாளாளர் உட்பட. கீழே 'காப்புரிமை வெளியீடு' என்று கொட்டை எழுத்து. அவள் முகமும் இல்லை, பெயரும் இல்லை.

போய்க் கேட்டாள். சேர்க்கையின்போது கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தை எடுத்துப் போட்டார்கள். நான்காம் பக்கம். ராகிங் செய்யமாட்டேன், வகுப்பில் போன் வைத்திருக்கமாட்டேன், கூட்டம் சேரமாட்டேன் என்ற வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஒரு வரி: படிப்புக் காலத்தில் மாணவர் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம். கீழே அம்மாவின் கையெழுத்து. மேற்கொண்டு பேசினால் நிறுவனத்தின் பெயரைக் கெடுத்த ஒழுங்கீனம் ஆகிவிடும் என்றும் சொன்னார்களாம். சான்றிதழ் இன்னும் அவர்கள் பீரோவில் இருந்தது.

அந்த வரியை நான் படிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். படித்தேன். எல்லாக் கல்லூரியிலும் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ராகிங் தாளில் கையெழுத்து கேட்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு 1997-இல் நம் மாநிலம் சட்டம் போட்டது. மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தரவேண்டும் என்று 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் விதி செய்தது. அது உயிரைக் காக்கும் தாள். அந்தத் தாளின் மடியில் சொத்தை எழுதி வாங்கும் வரியை ஒளித்துவைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? சம்பளம் வாங்கி வேலை செய்கிறவர் வேலையின் பகுதியாக எழுதினால் பதிப்புரிமை முதலாளிக்கு, 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி. மாணவி சம்பளம் வாங்கவில்லை, ஃபீஸ் கட்டினாள். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கும் உரிமை உண்மையில் கண்டுபிடித்தவருக்கோ, அவரிடமிருந்து எழுதி வாங்கியவருக்கோதான். எழுதி வாங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். சொத்து கைமாறலாம், கண்டுபிடித்தவர் யார் என்பது மாறுமா? காப்புரிமையில் கண்டுபிடித்தவரின் பெயரைக் குறிப்பிடச் சொல்லிக் கேட்க அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. வீட்டை விற்றவன் தன் பிள்ளையின் இனிஷியலையுமா சேர்த்து விற்றான்?

காப்புரிமைக்குக் கல்லூரிகள் காட்டும் இந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தேசியத் தரவரிசைக்கு வெளியான காப்புரிமை விண்ணப்பங்களும் கணக்கில் சேரும். 2021-இல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள். இணையவழியில் விண்ணப்பிக்க 8,000 ரூபாய்க்குப் பதில் 1,600 போதும். வெளியீடு என்றால் விண்ணப்பம் அலுவலக இதழில் வந்தது என்று மட்டுமே பொருள். உரிமை கிடைத்தது என்றல்ல. ஃப்ளெக்ஸ் பார்க்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியவா போகிறது.

மத்திய அரசின் 2019 புத்தாக்கக் கொள்கை, பாடத்திட்டத்தின் பகுதியாக உருவானதைக் கண்டுபிடித்தவரும் நிறுவனமும் சேர்ந்து வைத்துக்கொள்ளவேண்டும் என்கிறது. எனக்கு அதிலும் முழுச் சம்மதமில்லை. பெயின்ட் டப்பாவும் கோணூசியும் கல்லூரிச் சொத்தல்ல. இருக்கட்டும், கூட்டு என்றால் இரண்டு பேர் வேண்டுமே. தகராறு வந்தால் விசாரிக்கக் குறைந்தது ஐந்து பேர் குழுவும் அந்தக் கொள்கையில் உண்டு: இரண்டு ஆசிரியர், முன்னாள் மாணவரிலோ தொழில்துறையிலோ இரண்டு பேர், ஒரு சட்ட ஆலோசகர். படிக்கிற மாணவர் ஒருவர்கூட இல்லை.

அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் 2009-இல் போட்டிக்காகச் செய்த செயலி ஓஹோவென்று ஓடியது. நிர்வாகம் 25 சதவீத உடைமையும் லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கும் கேட்டது. பிறகு தானே பின்வாங்கி, 2011-இல் மாணவர் பக்கம் விதியைத் திருத்திக்கொண்டது. கோர்ட்டு இல்லை, கொடி பிடிக்கவில்லை. விதியைத் திருத்த நிர்வாகத்துக்கு மனம் இருந்தது.

இங்கேயோ, ஊட்டி ராஜ்பவனில் 2025 ஏப்ரலில் துணைவேந்தர்கள் மாநாடு நடந்தபோது யார் வந்தார், யார் வரவில்லை என்பதே செய்தியானது. துணைவேந்தர் யாருடைய ஆள் என்று இத்தனை சண்டை. மாணவரின் நோட்டுப்புத்தகம் யாருடையது என்று கேட்க ஆளில்லை.

எழுதிவைத்தால்தான் சொந்தம் என்பது இந்த மலைக்குத் தெரிந்த பாடம். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு 2008-இல், தோடர் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம். நாளைக்கு ஒரு மாணவர் குறும்பரிடமோ இருளரிடமோ மூலிகை பற்றிக் கேட்டு எழுதிவருவார். அந்த நான்காம் பக்கம் அதையும் விழுங்கும். மாணவருக்கே சொந்தமில்லாததை அவர் எப்படி எழுதிக்கொடுப்பார்? அகத்தியமலைக் காணிப் பழங்குடியினர் 1987-இல் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து 'ஜீவனி' மருந்து பிறந்தபோது, வந்த பணத்தில் பாதி காணிகளுக்கென்று ஏற்பாடானது. இது யாருடையது என்று அங்கே கேட்ட கேள்வியை இங்கே யார் கேட்பது?

இன்னொன்று சொல்லவேண்டும். அந்தப் பெண்ணின் பாட்டி, 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர். நீட்டிய தாளில் எல்லாம் கைநாட்டு வைத்துப் பழகிய குடும்பம்.

நான் கேட்பது பெரிதல்ல. சொந்தம் பற்றிய வரியை ஒழுக்க உறுதிமொழியிலிருந்து எடுத்துவிட ஓர் அரசாணை போடுங்கள். பொருள் உருவான பிறகு, தமிழில், தனித் தாளில், யார் பெயர், யாருக்கு என்ன பங்கு என்று எழுதிக் கையெழுத்து கேட்கட்டும். சான்றிதழை நிறுத்திவைத்து மிரட்டும் வழக்கத்தையும் அதிலேயே தடுத்துவிடுங்கள்.

மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு அமைச்சர்கள் மலையேறுவது வழக்கம். புதுப் படிவங்கள் அச்சாவதும் அந்தச் சமயம்தான். வந்தால் தட்டைக் காட்டுகிறேன். ஓரத்தில் விரிசல் விட்டு, மகள் கம்பியால் தைத்திருக்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் வாருங்கள். அதுவரை அது கத்தரியில் இருக்கும்.

இப்படிக்கு,
படிவம் நிரப்பிக் கொடுத்தவன்