வேலை தேடுகிறேன் என்று சொல்ல வெட்கம் எதற்கு?

ஜொகூர் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் என் அப்பா 22 ஆண்டுகள் வேலை செய்தார். நான் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்டில் அவர் இருந்த பிரிவு மூடப்பட்டது. மறுநாள் காலையிலும் அப்பா வழக்கம்போல் 6 மணிக்கு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். வேலை போனது பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதே அவர் கவலை.

இரண்டரை மாதம் இப்படியே போனது. இரவில் நானும் அவரும் கைப்பேசியில் வேலை விளம்பரங்களைத் தேடுவோம். நான் தட்டச்சு செய்ய, அவர் சொல்லச் சொல்ல, விண்ணப்பங்கள் போய்க்கொண்டே இருந்தன. பதில்தான் வரவில்லை. சித்தப்பாவுக்குக்கூட விஷயம் தெரியாது.

ஒரு கல்யாண வீட்டில் அம்மாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. அப்பாவோடு முன்பு ஒரே ஷிப்டில் வேலை செய்தவரிடம் சொல்லிவிட்டார். அவரை நாங்கள் பார்த்து நான்கு வருடம் இருக்கும். அவர் அப்பாவிடம் வந்து கேட்டது இதுதான்: “ஏண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான் வேலை செய்யும் கிடங்கில் போன மாசம்தான் நாலு பேரை எடுத்தாங்க. ஆமா, சொக்சோவில் பணத்துக்கு எழுதிப் போட்டீங்களா?”

எழுதிப் போடவில்லை. வேலை இழந்தவர்களுக்காக சொக்சோ நிர்வகிக்கும் காப்புறுதித் திட்டம் 2018 முதல் நடப்பில் உள்ளது. அப்பாவின் சம்பளத்திலிருந்தும் அதற்கு மாதாமாதம் சந்தா பிடித்திருக்கிறார்கள். ஆனால் வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கல்யாண வீட்டில் நாங்கள் நின்றது 75ஆம் நாள். கௌரவத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து நாங்கள் காத்த மௌனம், எங்களுக்கு உரிய பணத்தைக் கைநழுவ விட்டுவிட்டது.

அடுத்த மாதம் சினாயில் உள்ள அதே கிடங்கில் மீண்டும் ஓர் இடம் காலியானது. அவர் தகவல் சொன்னார், அவ்வளவுதான் செய்தார். நேர்காணலுக்குப் போனதும், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக் காட்டியதும், தேர்வானதும் அப்பா.

நெருங்கிய சொந்தங்கள் இத்தனை பேர் இருக்க, எப்போதோ பழகிய ஒருவரிடமிருந்து எப்படி வழி பிறந்தது? பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு இதற்கு விடை கிடைத்தது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டன் அருகே நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் ஏறக்குறைய 17 விழுக்காட்டினர் மட்டுமே. மற்றவர்கள் எல்லாரும் அவரை எப்போதாவதுதான் பார்த்தார்கள்.

காரணம் எளியது. நம் வீட்டாருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். நமக்குத் தெரியாத செய்தி, நாம் புழங்காத இடத்தில் புழங்குபவரிடம்தான் இருக்கும்.

தெரிந்தவர் மூலம் வேலைக்குப் போவது நமக்கும் புதிதல்ல. ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது கங்காணியை அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பி உறவினரையும் ஊராரையும் அழைத்து வரச் செய்தார்கள். கொண்டுவந்த ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தரகும் உண்டு. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்யும்வரை இது நடந்தது. அங்கே ஊருக்கும் தோட்டத்துக்கும் இடையே ஒரே வாசல். அந்த வாசலில் ஒரே ஆள். வேலையைப் பற்றி அவர் சொன்னதுதான் செய்தி. ஒருவரை மட்டுமே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை நம் பாட்டன் பூட்டன்கள் பட்டு அறிந்தார்கள். நமக்கு வேண்டியது பல வாசல்கள்.

“இதெல்லாம் கேபிள் பிடிக்கிற வேலைதானே?” என்று வகுப்புத் தோழி ஒருத்தி என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்விதான். தகுதியில்லாதவரைப் பின்வாசல் வழியாக உள்ளே தள்ளுவது கேபிள். அதனால் தகுதியுள்ள இன்னொருவரின் இடம் பறிபோகிறது. எந்த நிறுவனம் எப்போது ஆள் எடுக்கிறது, அங்கே என்ன திறன் கேட்கிறார்கள் என்று விசாரிப்பது வேறு. அப்படித் தெரிந்துகொண்ட பிறகும் முன்வாசல் வழியாகத்தான் போகிறோம். தேர்வையும் நேர்காணலையும் நாமே சந்திக்கிறோம்.

இதை நானே சோதித்துப் பார்த்தேன். மின்பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான், நீண்ட விடுமுறையில் பயிற்சிக்குச் சேர விரும்பினேன். 31 நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரே ஒரு பதில் வந்தது. அதுவும் “இடமில்லை” என்று. பிறகு ஒரு தாளில், எனக்கு ஓரளவு மட்டும் தெரிந்த 15 பேரின் பெயரை எழுதினேன். இடைநிலைப்பள்ளி சீனியர்கள், டியூஷன் ஆசிரியர், கோயில் நிகழ்ச்சியில் அறிமுகமான ஒரு டெக்னிஷியன் என்று பட்டியல் வளர்ந்தது.

முதலாமவரிடம் எடுத்த எடுப்பிலேயே, “உங்கள் கம்பெனியில் வேலை இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டேன். பதில் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்ன சொல்லியிருக்க முடியும்? அடுத்தவருக்கு இப்படி எழுதினேன்: “வணக்கம் அக்கா. பள்ளியில் உங்களுக்கு மூன்று வருடம் ஜூனியர் நான். இப்போது மின்பொறியியல் படிக்கிறேன். உங்கள் வேலை எப்படி இருக்கும், அதற்கு நான் இப்போதே என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஆசை. உங்களுக்கு வசதியான நேரத்தில் 15 நிமிடம் பேச முடியுமா?”

அந்த 15 பேரில் 9 பேர் பதில் எழுதினார்கள். 4 பேர் போனில் பேசினார்கள். பாசிர் கூடாங்கில் வேலை செய்யும் அந்த அக்கா, பயிற்சி மாணவர்களை எந்த மாதத்தில் எடுப்பார்கள் என்பதையும், பி.எல்.சி. தெரிந்திருந்தால் நல்லது என்பதையும் சொன்னார். ஆறு வாரம் உட்கார்ந்து அதைக் கற்றேன். பிறகு எல்லாரையும் போல இணையத்தில் விண்ணப்பித்து, நேர்காணலுக்குப் போய், தேர்வானேன்.

இந்த அனுபவத்தில் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன். வேலையைக் கேட்காதீர்கள், தகவலைக் கேளுங்கள். பேசுவதற்கு முன் அந்த நிறுவனத்தைப் பற்றிப் படித்துவிட்டுப் போங்கள். பேசி முடித்ததும் நன்றி சொல்லி எழுதுங்கள். அவர் சொன்ன யோசனை என்ன ஆனது என்பதையும் சில வாரம் கழித்துத் தெரிவியுங்கள். நம் மொழிக்காரர்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மலாய், சீன நண்பர்களிடமும் கேளுங்கள். முன்பின் அதிகம் தெரியாதவரைச் சந்திப்பதென்றால் பொது இடத்தில் சந்தியுங்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஒரு குறையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பொறியாளர்கள் நிறைந்த குடும்பத்தில் பிறந்தவருக்கு இந்தத் தகவல் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. லாயாங்-லாயாங்கிலோ குளுவாங்கிலோ தோட்டத்தில் வளர்ந்து, வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் மாணவருக்கு என்னைப் போல் 15 பெயர்கூடச் சட்டென்று கிடைக்காமல் போகலாம். அவருடைய உழைப்பில் குறையில்லை. அவர் வரை செய்தி எட்டவில்லை.

இன்றைய ஜொகூரில் இது சிறிய விஷயமல்ல. ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரி 7ஆம் தேதி கையெழுத்தானது. புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்.டி.எஸ். ரயில் பாதையின் நீளம் சுமார் 4 கிலோமீட்டர்தான். நம் வாசலுக்கே வரும் வாய்ப்புகளைப் பற்றிய செய்தி, ஏற்கெனவே செய்தி உள்ளவர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் நமக்கு என்ன பயன்?

ஆகவே, கேட்டுப் பெற்றவர்களுக்கு ஒரு கடமை உண்டு. இந்த விடுமுறையில் நான் படித்த இடைநிலைப்பள்ளிக்குப் போய், படிவம் ஐந்து மாணவர்களிடம் என் கைப்பேசி எண்ணைக் கொடுக்கப் போகிறேன். அவர்கள் பட்டியலில் முதல் பெயராக என் பெயர் இருக்கட்டும்.

அப்பாவிடமும் ஒரு மாற்றம். சென்ற மாதம் எங்கள் தாமானில் ஒருவருக்கு வேலை போனது. அன்று மாலையே அப்பா அவர் வீட்டுக்குப் போனார். அவர் முதலில் சொன்னது: “60 நாள்தான் இருக்கு தம்பி, நாளைக்கே சொக்சோவுக்குப் போயிடு. அப்புறம், வேலை தேடறேன்னு நாலு பேர்கிட்ட தைரியமா சொல்லு.”