ஸ்பேசர் போட்ட ஜீப்புக்கு நான்குவழிச் சாலை எதற்கு?

விழுப்புரம் மாவட்டத்து உழவர்களுக்குச் சக்கரத்தை அகட்டி வைப்பது புது வித்தை அல்ல. பயிர் வரிசைக்கு ஏற்ப டிராக்டரின் பின்சக்கர இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும், தட்டைத் திருப்பி மாட்டும் வசதியைத் தயாரிப்பாளரே செய்து கொடுத்திருக்கிறார். எதுவரை போகலாம் என்று கையேடும் சொல்கிறது. தார், ஜிம்னி, பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் அதே வேலையை வீல் ஸ்பேசர் கொண்டு செய்கிறார்கள். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே செருகும் இந்த அலுமினிய வளையம், பெரிய டயர் உள்ளே உரசாமல் காக்கும். வண்டிக்கு அகன்ற நிலையும் தரும். செஞ்சிப் பக்கத்துப் பாறைத் தடத்துக்கும் மரக்காணத்து மணலுக்கும் அது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் டிராக்டர் பெரும்பாலும் வயலோடு நின்றுவிடுகிறது. ஜீப்போ மணலிலிருந்து ஏறி, திண்டிவனம் வழியாகச் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பேருந்துகளோடு போட்டி போடுகிறது. என் எதிர்ப்பு ஸ்பேசர் மீதல்ல. அதை மாட்டியபின் யாரும் திரும்பிப் பார்க்காத வழக்கத்தின் மீது. அந்த வழக்கம் மாறாதவரை, ஸ்பேசர் போட்ட வண்டி நெடுஞ்சாலைக்கு வரக்கூடாது.

வண்டியின் எடையைச் சக்கர போல்ட்டுகள் தாங்குகின்றன என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நட்டை இறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீண்டு, ரப்பரைப் போல உள்ளிழுத்து, சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் எழும் உராய்வுதான் சக்கரத்தை நிலைநிறுத்துகிறது. அழுத்தம் தளர்ந்தால் சக்கரம் நுண்ணளவில் அசையத் தொடங்கும். அசைவு போல்ட்டை வளைத்து வளைத்து ஒருநாள் முறித்துவிடும். மெல்லிய ஸ்பேசரை அப்படியே செருகி, பழைய போல்ட்டிலேயே நட்டைப் பூட்டும் வகையில் மரை பிடிக்கும் நீளம் குறைகிறது. 12 மி.மீ. போல்ட் என்றால் குறைந்தது அதே 12 மி.மீ. நீளத்துக்காவது நட்டு மரையில் ஏறியிருக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகிவிட்டால் அந்த வண்டியை நகர்த்தவே கூடாது. தனி போல்ட்டுகளோடு வரும் தடித்த ஸ்பேசர் இதைவிட மேல். ஆனால் அதில் இணைப்பு ஒன்றுக்கு இரண்டாகிறது. ஸ்பேசரை ஹப்போடு பிடித்திருக்கும் உள் நட்டுகள் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். அவற்றைச் சோதிக்கச் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். மாட்டிய 80, 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை கழற்றி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, குறித்த அளவுக்கு மீண்டும் இறுக்க வேண்டும் என்பது பொது விதி. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய்த் திரும்பினாலே அந்தத் தூரம் ஏறக்குறைய வந்துவிடும். திரும்பியதும் யார் கழற்றிப் பார்க்கிறார்கள்? நம் பஞ்சர் கடைகளில் இறுக்கத்தின் அளவுகோல், வீல் ஸ்பேனர் மீது ஏறி மிதிக்கும் கால்தான். இதில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. மரக்காணம் உப்பளத்து ஈரம் எஃகு ஹப்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே தங்கினால் அரிப்பு வேகமாகும். அரித்த பரப்பில் ஸ்பேசர் சமமாக உட்காராது. ஜிம்னிக்கும் பழைய ஜிப்ஸிக்கும் போல ஐந்து துளை, 139.7 மி.மீ. வட்டம் என்ற கணக்கு ஒத்துப்போனால் போதும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். போதாது. நடுத்துளை ஹப்பின் மையத்தில் இடைவெளியின்றிப் பொருந்தாவிட்டால் சக்கரம் மையம் தவறி அதிரும்.

இத்தனைக்கும் கிடைக்கும் பலன் எவ்வளவு? பக்கத்துக்கு 30 மி.மீ. போட்டால் 1,400 மி.மீ. சக்கர இடைவெளி 60 மி.மீ. கூடும், அதாவது நூற்றுக்கு நான்கு சொச்சம். கவிழாமல் நிற்கும் திறனும் கிட்டத்தட்ட அவ்வளவே கூடும். ஆனால் பெரும்பாலும் இதோடு வண்டியை உயர்த்தும் வேலையும் சேர்ந்தே நடக்கிறது. எடை மையம் 700 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், அது 40 மி.மீ. மேலேறினாலே ஸ்பேசர் தந்ததைவிட அதிகம் பறிபோகிறது! சக்கரம் வெளியே தள்ளி நிற்பதால் பேரிங் மீது நெம்புவிசை கூடுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் கையை உதறுகிறது. மட்கார்டைத் தாண்டிய டயர் பின்னால் வரும் இருசக்கர வாகனத்தின் மீது கல்லை வாரி இறைக்கிறது. 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியதைச் சொல்லி, இத்தகைய வண்டிகள் நமக்குத் தேவை என்பார் உண்டு. வெள்ளத்தில் உதவுவது உயரமும் நாலு சக்கர இயக்கமும்தான், அகலம் அல்ல.

போர்ஷே நிறுவனமே ஸ்பேசர் விற்றிருக்கிறதே என்ற வாதத்துக்கு எடை உண்டு. ஜெர்மனியில் சோதனைச் சான்று பெற்ற ஸ்பேசரை மாட்டி, வண்டியையும் ஆய்வுக்குக் காட்டி, ஆவணத்தில் பதிந்துகொள்ளலாம். அங்கே பொருள் சோதிக்கப்படுகிறது, மாட்டிய விதமும் சோதிக்கப்படுகிறது. இங்கே சட்டம் கதவைச் சாத்தியதோடு நின்றுவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து விலகும் மாற்றத்தைத் தடுக்கிறது. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. தடை இருந்தும் ஸ்பேசர் இணையத்தில் தடையின்றிக் கிடைக்கிறது. தரமானதும் வார்ப்படத்தில் ஊற்றிய மலிவுச் சரக்கும் ஒரே விலைப்பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. திண்டிவனத்துக்கு வடக்கே ஒரகடத்தில் அரசின் வாகனச் சோதனை மையமே இருக்கிறது. ஸ்பேசருக்குத் தரநிர்ணயம் வகுத்து அங்கே சோதித்துச் சான்று தரலாம், சான்றற்றதை விற்பவரைத் தண்டிக்கலாம். வாங்கியவரை மட்டும் சாலையில் மடக்குவதால் மலிவுச் சரக்கு குறையப்போவதில்லை.

அதுவரை, சொந்த நிலத்திலும் மூடிய பந்தயத் தடத்திலும் ஸ்பேசரோடு ஓட்டுபவர்கள் டார்க் ரெஞ்ச் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளட்டும். சேற்றிலோ நீரிலோ இறங்கி வந்த ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கழற்றி உள் நட்டைப் பார்க்கட்டும். கழற்றிய கையோடு ஸ்பேசரையும் எடுத்து வைத்துவிட்டு, தயாரிப்பாளர் தந்த சக்கரத்தோடும் நட்டுகளோடும் நெடுஞ்சாலை ஏறட்டும். வேலை அரை மணி நேரம் கூடும்.