கண்ணாடி வேறு, பீரோ வேறு!



"கவலைப்படாதே மச்சி, எல்லாம் கிளவுட்ல இருக்கு!" - லேபிலும் ஹாஸ்டலிலும் நாம் தினமும் கேட்கும் வசனம் இது. இருப்பது உண்மைதான். ஆனால் பத்திரமாக இருக்கிறதா? இதுதான் என் கேள்வி.

கிளவுட் என்பது வானத்து மேகம் அல்ல. எங்கோ ஓரிடத்தில் ஓடும் சர்வர் கம்ப்யூட்டர்கள்தான். ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை நம் கம்ப்யூட்டரில் ஒரு போல்டரைக் கண்காணிக்கின்றன. அதில் பைல் சேர்த்தால் சர்வருக்குப் போகும். அங்கிருந்து அதே கணக்கில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் வரும். திருத்தினால் திருத்தமும் போகும். அழித்தால்? அழிவும் போகும்! லேபில் திறந்து வைத்த கணக்கில் யாராவது "இடம் அடைக்குது" என்று போல்டரைக் காலி செய்தால், வீட்டு லேப்டாப்பிலும் புராஜெக்ட் ரிப்போர்ட் காலி!

இதற்குப் பெயர்தான் 'சிங்க்'. இது முகம் பார்க்கும் கண்ணாடி. பீரோவில் கண்ணாடி பதித்திருப்பார்கள். அதற்காகக் கண்ணாடியே பீரோ ஆகிவிடுமா?

இன்னொரு விஷயம். 2017-ல் விண்டோஸ் 10-ல் ஒன்டிரைவுக்கு 'பைல்ஸ் ஆன் டிமாண்ட்' வசதி வந்தது. பைல் பக்கத்தில் சின்ன மேகப்படம் இருந்தால், நம்மிடம் இருப்பது பெயர்ப்பலகை மட்டுமே, சரக்கு சர்வரில். நெட் இல்லாவிட்டால் திறக்காது. அதை டெலிட் செய்தால் சர்வரிலும் போய்விடும். டிஸ்க்கில் இடம் மட்டும் வேண்டுமென்றால், ரைட் கிளிக் செய்து 'ப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுக்க வேண்டும்.

அழித்ததை மீட்க முடியாதா? முடியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள் காத்திருக்கும். ஆனால் ஜனவரியில் அழிந்த பைலை நாம் தேடுவது ஏப்ரலில், புராஜெக்ட் வைவா நேரத்தில் அல்லவா!

கிளவுட் வேண்டாம் என்று சொல்லவில்லை. லேப்டாப் கெட்டாலும் தொலைந்தாலும் கைகொடுப்பது அதுதான். அதை மட்டுமே நம்பாதீர்கள் என்கிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை என் அம்மா. ஆனாலும் வீட்டுப் பத்திரத்தை டிரங்குப் பெட்டியில் பூட்டி, ஜெராக்ஸ் ஒன்றை மாமா வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறார். நகல் வேறு இடத்தில், வேறு கையில் இருக்கணும். அதுதான் பேக்கப்!

என்னைப் போன்றவர்களுக்குச் சந்தேகம் கேட்க வீட்டில் படித்த அண்ணனோ அக்காவோ இல்லை. லேபில் சொல்லித் தந்தால்தான் உண்டு. முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு இதற்காக ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்கும்படி நம் பேரவை நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். செலவில்லாத கோரிக்கை!

அதுவரை, வாரம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு நகல் எடுப்போம். மூன்று வருட உழைப்பைக் காப்போம்!

- மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை