"பெரிய விஷயம், அப்புறம் பார்க்கலாம்"

 வழக்கம்போல் நீண்ட பதிவுதான். வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள் இங்கேயும் விட்டுக்கொள்ளலாம். ஆனால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

மகளின் பிரசவத்துக்கு உதவியாக ஃபிலடெல்ஃபியா போயிருந்தபோது, மருமகன் ஒருநாள் ஜெர்மன்டவுன் என்ற பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சாலையோரம் ஒரு சின்னக் கல் கட்டிடம். கோபுரம் இல்லை, அலங்காரம் இல்லை. நம் ஊர்ப் பழைய ஓட்டுப் பள்ளிக்கூடம் போலத்தான் இருந்தது. 1770-ல் கட்டிய மெனோனைட் ஜெபக்கூடம் அது. அதற்கு முன்பு அதே இடத்தில் 1708-ல் கட்டிய மரக்கட்டைக் கூடம் இருந்ததாம். வட அமெரிக்காவில் நிலைத்து நின்ற முதல் மெனோனைட் சபை இதுதான்.

மெனோனைட் என்றால் யார் என்று கேட்பீர்கள். 1525-ல் சூரிச் நகரில் சிலர், "குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, வயது வந்தபின் தானாக முடிவு செய்து பெற வேண்டும்" என்றார்கள். அரசுக்கும் பொறுக்கவில்லை, மற்ற சபைகளுக்கும் பொறுக்கவில்லை. பலரை ஆற்றில் மூழ்கடித்தார்கள், எரித்தார்கள். 1536-ல் கத்தோலிக்கக் குருப்பணியை விட்டு இவர்களோடு சேர்ந்த மென்னோ சைமன்ஸ் என்பவரின் பெயரால் மெனோனைட் ஆனார்கள். ஆயுதம் எடுக்க மாட்டார்கள், சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டார்கள்.

1683 அக்டோபரில் கிரெஃபெல்ட் என்ற ஜெர்மன் ஊரிலிருந்து பதின்மூன்று குடும்பங்கள் 'கான்கார்ட்' கப்பலில் வந்து இறங்கின. ஜெர்மன்டவுன் அப்படித்தான் உண்டானது. மெனோனைட்டுகளும் குவேக்கர்களும் ஆரம்பத்தில் சேர்ந்தே வழிபட்டார்கள். 1698-ல் வில்லியம் ரிட்டன்ஹவுஸ் என்பவரைச் சபையின் முதல் போதகராகத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்கக் காலனிகளின் முதல் காகித ஆலையை 1690-ல் தொடங்கியவரும் அவரே. பழைய துணிக் கந்தலை ஊறவைத்து இடித்துக் கூழாக்கிக் காகிதம் செய்தார்கள். வாரம் முழுக்க ஆலை வேலை, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம். சம்பளத்துக்குப் போதகர் வைக்கிற வழக்கமே அவர்களிடம் இல்லை.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். 1688-ல் அந்த ஊரில் நான்கு பேர் ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அப்போது அவர்கள் குவேக்கர் கூட்டத்தில் இருந்தார்கள் என்றாலும், அதில் இருவரான ஓப் டென் கிராஃப் சகோதரர்கள் மெனோனைட் வம்சாவளியில் வந்தவர்கள். மனிதனை விலைக்கு வாங்குவதும் விற்பதும் தவறு என்பதுதான் மனு. மற்றவர் உனக்கு எதைச் செய்யக் கூடாது என்று நினைக்கிறாயோ அதை நீ மற்றவருக்குச் செய்யாதே, நிறம் வேறாக இருந்தாலும் இதுதான் நியாயம் என்றார்கள். மனசாட்சிக்காக ஐரோப்பாவில் நாம் துன்பப்பட்டோம், இங்கே வந்து நிறத்துக்காக இன்னொருவரைத் துன்பப்படுத்தலாமா என்று கேட்டார்கள். அமெரிக்கக் காலனிகளில் அடிமை முறைக்கு எதிராக எழுதப்பட்ட முதல் பொது மனு இது. அதில் கையெழுத்திட்ட மேசை என்று ஒன்றை ஜெர்மன்டவுன் மெனோனைட்டுகள் பாதுகாத்து வருகிறார்கள்.

மனு என்ன ஆனது? குவேக்கர்களின் மாதக் கூட்டத்துக்குப் போனது. "இது பெரிய விஷயம், மேலே அனுப்புகிறோம்" என்றார்கள். காலாண்டுக் கூட்டம் போனது. "எங்களுக்கும் பெரிய விஷயம்" என்றார்கள். ஆண்டுக் கூட்டம் போனது. இப்போது தீர்ப்புச் சொல்வது பொருத்தமில்லை என்று ஒதுக்கி வைத்தார்கள். தங்கள் உறுப்பினர் யாரும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று அதே கூட்டம் முடிவு செய்தது 1776-ல். எண்பத்தெட்டு வருடம்! மனுவையே எல்லோரும் மறந்துபோனார்கள். 1844-ல் கண்டெடுத்து, மறுபடி தொலைத்து, 2005-ல் மறுபடி கண்டுபிடித்தார்கள்.

"அந்த மனு தோற்றுப்போன மனுதானே அத்தை?" என்றார் மருமகன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள். தோற்றவர்கள் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டவர்கள். அவர்களும் கெட்டவர்கள் இல்லை, நல்லவர்கள், பக்திமான்கள். அதுதான் என்னை உறுத்துகிறது.

அந்தப் பக்கத்து மெனோனைட் வாத்தியார் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் கிறிஸ்டோபர் டாக். இரண்டு ஊர்ப் பள்ளிகளில் வாரத்துக்கு மும்மூன்று நாள் பாடம் நடத்தினார். ஒரு பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கடிதத்தை இன்னொரு பள்ளிப் பிள்ளைகளுக்கு அவரே எடுத்துப்போய்க் கொடுப்பார். நன்றாகப் படித்தால் ஒரு பறவையோ பூவோ வரைந்து பரிசு. புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் மற்ற பிள்ளைகள் கைகொடுத்து வரவேற்க வேண்டும், "இந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வீர்கள்?" என்று கேட்பார். 1750-ல் அவர் எழுதிய கற்பித்தல் நூல் 1770-ல் அச்சானது. பள்ளி முடிந்ததும் வகுப்பிலேயே முழங்காலிட்டு ஒவ்வொரு பிள்ளைக்காகவும் ஜெபிப்பாராம். 1771-ல் ஒரு மாலை வீடு திரும்பவில்லை. போய்ப் பார்த்தபோது முழங்காலிட்டபடியே உயிர் போயிருந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் நானும் என் பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஒரு முகத்தில் வந்து நின்றுவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் இருக்கும். பள்ளியின் பெயர் வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இடைவேளையில் என் மேசைப் பக்கம் வந்து நின்றான். "டீச்சர், கக்கூஸ் கழுவ எங்க தெருப் பிள்ளைங்களை மட்டும்தான் அனுப்புறாங்க. தண்ணிப் பானையை மட்டும் நாங்க தொடக் கூடாதாம். ஏன் டீச்சர்?"

தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். "இது ஊர் விவகாரம்மா. பெரிய விஷயம். அப்புறம் பார்க்கலாம்" என்றார். நானும் வந்து பையனிடம், "நீ படிக்கிற வேலையைப் பாருப்பா" என்றேன். அவன் திரும்பக் கேட்கவே இல்லை. அடுத்த வருடம் எனக்கு மாறுதல் வந்தது. நிம்மதியாகப் போனேன். அந்த நிம்மதிக்காகத்தான் இன்று வெட்கப்படுகிறேன். ஊரைத் திருத்த என்னால் முடியாமல் இருக்கலாம். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் முறை வைத்து அந்தப் பானையில் தண்ணீர் எடுக்கச் சொல்ல, யாருடைய அனுமதியும் தேவைப்பட்டிருக்காது. கழுவுவது பிள்ளைகள் வேலையே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கலாம்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், அலுவலர்கள், சிலர் அதிகாரிகள். உங்கள் மேசைக்கும் இப்படி மனு வரும். பெரும்பாலும் சின்ன ஆளிடமிருந்து, தப்பும் தவறுமான எழுத்தில் வரும். மேலே அனுப்ப வேண்டியதை அனுப்புங்கள், அது முறை. ஆனால் அனுப்புவதற்கு முன் உங்கள் அறைக்குள், உங்கள் கைக்கு எட்டியதை அன்றைக்கே செய்துவிடுங்கள். 'பெரிய விஷயம்' என்று நாம் சொல்லும்போது, கேட்டவருக்கு அது தினசரி விஷயம் என்பதை மறக்காதீர்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். யார் மூலமாவது இந்தப் பதிவு அவன் கண்ணில் பட்டால்: தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. பதில் சொல்லாதது என் தவறு. மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்